வேகமாகச் சூடாக்கினால் முதல் படி தெரிந்துவிடுமா? மாஸ் ஸ்பெக்கும் ஆர்டிஎக்ஸும்

கேள்வி, பிப்ரவரி 3

டிஜிஏ கருவியின் (சூடாக்கிக்கொண்டே எடை இழப்பை அளப்பது) வாயில் மாஸ் ஸ்பெக் (வாயுக்களை அயனியாக்கி நிறைவாரியாகப் பிரித்துக் காட்டுவது) மாட்டி, ஆர்டிஎக்ஸ் என்ற வெடிபொருளின் சிதைவைப் பார்த்தேன். நிமிடத்துக்கு 10 டிகிரி ஏற்றம். நிறை 30-உம் 44-உம் நன்றாக எழுந்தன. 46 (நைட்ரஜன் டை ஆக்சைடின் நிறை) இருந்ததா என்பதே சந்தேகம். பிளாட்டினம் கம்பியில் பூசி, கண்ணிமைப்பதற்குள் சூடாக்கிய ஆய்வுகளில் 46 தெளிவாக வருகிறது. ஆகவே நைட்ரஜன் டை ஆக்சைடு கழல்வதுதான் உண்மையான முதல் படி, மெதுவாகச் சூடாக்கும்போது அது மறைந்துபோகிறது என்று முடிவு செய்கிறேன். மறுப்பு உண்டா?

பதில், பிப்ரவரி 3, இரவு

உண்டு. கம்பியில் 46 பெரிதாக வர இரண்டு வழிகள் இருக்கின்றன. ஆர்டிஎக்ஸ் மூலக்கூறு சூட்டில் உடைந்து நைட்ரஜன் டை ஆக்சைடு வெளியே வந்திருக்கலாம். அல்லது ஆர்டிஎக்ஸ் உடையாமல் முழுசாக ஆவியாகி, அயனியாக்கும் இடத்தில் 70 எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான் அடித்து உடைத்திருக்கலாம். இரண்டும் திரையில் ஒரே 46. எது எது என்று பிரிக்காமல் ‘முதல் படி’ என்று எழுதுவதைத்தான் நான் எப்போதும் எதிர்க்கிறேன்.

உங்கள் டிஜிஏ-வில் 46 காணாமல் போனதற்கும் தனிக் காரணங்கள் இருக்கின்றன. நைட்ரஜன் டை ஆக்சைடும் ஃபார்மால்டிஹைடும் சூடான இடத்தில் சேர்ந்தால் சும்மா இருக்காது. நைட்ரிக் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு, தண்ணீர் என்று மாறிவிடும். வளிமண்டல அழுத்தத்தில், சூடான குழாய் வழியாக வாயு நகர்ந்து வரும் நேரம் அதற்குத் தாராளம். நீங்கள் பார்த்தது சிதைவின் கடைசிக் கணக்கு.

பிப்ரவரி 4

இன்னொன்றும் விட்டுப்போயிற்று. நைட்ரஜன் டை ஆக்சைடை மட்டும் தனியாக 70 எலக்ட்ரான் வோல்ட்டில் அடித்தால் பெரிய உச்சம் 46 இல்லை, 30. 46 அதில் மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதனால் 30 உயரமாகவும் 46 குள்ளமாகவும் இருந்தால் ‘நைட்ரஜன் டை ஆக்சைடு குறைவு’ என்று படிக்கக் கூடாது. இந்த விகிதம் கருவிக்குக் கருவி மாறும். உங்கள் கருவியில் சுத்தமான வாயுவை விட்டு அளந்த எண் கையில் இருக்க வேண்டும்.

30-இல் வேறு யார் யார் ஒளிந்திருக்கிறார்கள்? நைட்ரிக் ஆக்சைடு. ஃபார்மால்டிஹைடு (இதன் பெரிய உச்சம் 29). நைட்ரஸ் ஆக்சைடின் ஒரு துண்டு. நைட்ரஸ் அமிலத்தின் துண்டு. 44-இல் நைட்ரஸ் ஆக்சைடும் கார்பன் டை ஆக்சைடும். 28-இல் நைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, போதாக்குறைக்கு வெற்றிடக் கலத்தில் எப்போதும் மிச்சமிருக்கும் காற்று. ஆர்டிஎக்ஸ் சேர்ந்த நைட்ரமைன் குடும்பத்தைப் பொறுத்தவரை முக்கியமான வாயுக்களில் பெரும்பாலானவை இந்த மூன்று எண்களில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன.

பிப்ரவரி 6

‘பிரிதிறன் (நெருங்கிய நிறைகளைத் தனித்தனியே காட்டும் திறன்) கூடிய கருவி வாங்கினால் தீர்ந்தது’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கொள்கையளவில் சரி. நைட்ரிக் ஆக்சைடு 29.9980, ஃபார்மால்டிஹைடு 30.0106. பிரிக்க 2,400 அளவுக்குப் பிரிதிறன் போதும். நைட்ரஸ் ஆக்சைடு 44.0011, கார்பன் டை ஆக்சைடு 43.9898. இதற்கு 4,000 அருகே வேண்டும். இன்றைய நல்ல பறப்புநேரக் கருவிகளுக்கு (அயனி பறக்கும் நேரத்தை வைத்து நிறையை அளப்பவை) இது பெரிய விஷயமில்லை. சிக்கல் வேறு இடத்தில். 100 மைக்ரோ விநாடிக்கு ஒரு நிறமாலை எடுக்கும்போது ஒவ்வொன்றிலும் விழும் அயனிகள் கொஞ்சம்தான். குறுகிய பறப்புக் குழாயும் நேரடி எலக்ட்ரான் மோதலும் சேர்ந்த அமைப்பில் பிரிதிறன் பெரும்பாலும் சில நூறுகளில் நின்றுவிடும். வேகம், உணர்திறன், பிரிதிறன் மூன்றையும் ஒரே கருவியில் முழுசாக வாங்கியவரை நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 9

சரி, ஏன் இவ்வளவு வேகம் வேண்டும் என்ற அடிப்படைக்கு வருகிறேன். 1949-இல் ராபர்ட்சன் உருகிய ஆர்டிஎக்ஸுக்கு அளந்த எண்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன: கிளர்வு ஆற்றல் (வினை தாண்ட வேண்டிய தடை) மோலுக்குச் சுமார் 47.5 கிலோ கலோரி, அதிர்வெண் காரணியின் (தடையைத் தாண்ட முயலும் வேகம்) மடக்கை 18.5. அதை வைத்து நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 500 கெல்வினில் பாதி சிதையச் சுமார் இரண்டு நிமிடம். 600 கெல்வினில் சுமார் 40 மில்லி விநாடி. 700 கெல்வினில் ஒரு மில்லி விநாடியில் ஏழில் ஒரு பங்கு.

நிமிடத்துக்கு 10 டிகிரி ஏற்றினால் மாதிரி 600 கெல்வினைப் பார்ப்பதே இல்லை. அதற்குள் தீர்ந்துவிடும். நீங்கள் அளப்பது 500 கெல்வின் பக்கத்து வேதியியல். எரியும் உந்துபொருளின் மேற்பரப்பு இருக்கும் இடமோ வேறு. அந்த வெப்பநிலைக்கு மாதிரியை முழுசாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமானால், சிதைவு முந்திக்கொள்வதற்குள் ஏற வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: ராபர்ட்சன் அளந்தது 213 முதல் 299 டிகிரி செல்சியஸ் வரை. 600, 700 கெல்வின் எல்லாம் அதற்கு வெளியே. நான் செய்தது நீட்டிப்பு. அந்த நீட்டிப்பு செல்லுமா என்று பார்க்கத்தான் வேகமான கருவிகளே வந்தன.

பிப்ரவரி 9, சற்று நேரம் கழித்து

வெப்பநிலை மாறினால் வேகம் மட்டும் மாறுவதில்லை, பாதையும் மாறுகிறது. டெலவேர் பல்கலைக்கழகத்தில் தாமஸ் பிரில் குழு பிளாட்டினம் தகட்டைத் திடீரென்று சூடாக்கி அகச்சிவப்பு நிறமாலையில் வாயுக்களைப் பார்த்தது. குறைந்த வெப்பநிலையில் நைட்ரஸ் ஆக்சைடும் ஃபார்மால்டிஹைடும் தரும் பாதை மேலோங்கும். சூடு ஏற ஏற நைட்ரஜன் டை ஆக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் தரும் பாதையின் பங்கு கூடும். நைட்ரஜன்-நைட்ரஜன் பிணைப்பு நேரடியாக அறுந்து நைட்ரஜன் டை ஆக்சைடு கழல்வதற்குத் தடை உயரம், ஆனால் அதிர்வெண் காரணியும் பெரிது. சூட்டில் அது மற்றதைவிட வேகமாக வளரும்.

அதனால் உங்கள் முடிவில் நான் திருத்த விரும்புவது இதுதான். மெதுவாகச் சூடாக்கும்போது ‘முதல் படி’ மறைந்துபோவதில்லை. அங்கே முதலில் நடப்பதே வேறாக இருக்கலாம். 500 கெல்வினுக்கு ஒரு விடை, 650 கெல்வினுக்கு ஒரு விடை.

அகச்சிவப்பு முறைக்கு ஒரு வசதி உண்டு: நைட்ரஸ் ஆக்சைடையும் கார்பன் டை ஆக்சைடையும் சிரமமில்லாமல் பிரிக்கும். ஆனால் நைட்ரஜன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் மூன்றும் அதன் கண்ணில் படாது. மாஸ் ஸ்பெக்கின் குறை அங்கே இல்லை, அதன் குறை இங்கே இல்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் நைட்ரஜன் கணக்கை முடிக்க முடியாது.

பிப்ரவரி 13

கம்பி முறை பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஜக்கரையா குழு 2009-இல் வெளியிட்ட அமைப்புதான் பலருக்கும் முன்மாதிரி. 76 மைக்ரான் விட்டமுள்ள பிளாட்டினம் கம்பி, அதன்மேல் மெல்லிய பூச்சு, மின்துடிப்பு கொடுத்தால் விநாடிக்கு லட்சக்கணக்கான கெல்வின் ஏற்றம். கம்பியே பறப்புநேரக் கருவியின் அயனியாக்கும் இடத்தருகே நிற்கும். 100 மைக்ரோ விநாடிக்கு ஒரு நிறமாலை. வெப்பநிலையைக் கம்பியின் மின்தடையிலிருந்து கணக்கிடுகிறார்கள். விநாடிக்கு ஒரு லட்சம் கெல்வின் என்றால் ஒரு நிறமாலைக்கும் அடுத்ததற்கும் நடுவே 10 கெல்வின்தான். இது உண்மையிலேயே அருமையான வேலை. வெற்றிடத்தில் வெளிவந்த மூலக்கூறு அடுத்ததோடு மோதாமல் நேரே போய்விடும் என்பதால், உங்கள் டிஜிஏ குழாயில் நடக்கும் பின்விளைவுகள் இங்கே மிகக் குறைவு.

பிப்ரவரி 14

கம்பியின் வெப்பநிலை வேறு, மாதிரியின் வெப்பநிலை வேறு. இதை நான் அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் கட்டுரைகளின் வரைபடத்தில் கிடை அச்சில் ‘வெப்பநிலை’ என்று மட்டும் போட்டுவிடுகிறார்கள்.

கரிமப் படிகங்களில் வெப்பம் மெதுவாகத்தான் பரவும். 10 மைக்ரான் தடிமனை அது கடக்கச் சுமார் ஒரு மில்லி விநாடி. விநாடிக்கு ஒரு லட்சம் கெல்வின் ஏற்றத்தில் ஒரு மில்லி விநாடி என்பது 100 கெல்வின். அதாவது கம்பி 650 கெல்வின் என்று காட்டும்போது பூச்சின் வெளித்தோல் 550-இல் இருக்கலாம். மேலே போட்ட கணக்கைப் பாருங்கள், 100 கெல்வினுக்கு வேகம் நூறு மடங்குக்கு மேல் மாறுகிறது. தடிமன் ஒரு மைக்ரானாக இருந்தால் பின்தங்கல் நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பின்தங்கல் தடிமனின் இருமடியாகப் போவதால் பூச்சை மெல்லியதாக்குவதைப் போல் பலன் தருவது வேறெதுவும் இல்லை.

நான் வேலை செய்த ஆய்வகத்தில் கம்பியை நுண்ணோக்கியில் பார்க்காமல் யாரும் துடிப்பு கொடுக்க மாட்டோம். கரைசல் உலரும்போது படிகம் சமமாகப் படியாது. ஒரு இடத்தில் மணி மணியாகத் திரளும், பக்கத்தில் வெறும் உலோகம் தெரியும். அப்படிப்பட்ட கம்பியில் 46-க்கு இரண்டு மேடுகள் வரும். அதைப் பார்த்துவிட்டு ‘இரண்டு படிச் சிதைவு’ என்று விளக்கம் எழுதத் தொடங்கியவர்களை எனக்குத் தெரியும். மெல்லிய பகுதி முதலில், திரண்ட பகுதி அப்புறம், அதுதான் அங்கே நடந்தது.

பிப்ரவரி 15

‘அளவு கொஞ்சமாக எடுப்பது பாதுகாப்புக்குத்தானே?’ என்று ஒரு கேள்வி. பாதுகாப்புக்கும்தான், அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. உரிய அனுமதியும் பயிற்சியும் உள்ள இடத்தில், மைக்ரோகிராம் கணக்கில் மட்டும். ஆனால் அறிவியலுக்கும் அதுவே நல்லது. மேலே சொன்ன காரணம் ஒன்று. மற்றது, அதிகமாக வாயு வந்தால் அயனியாக்கும் இடத்தில் அழுத்தம் ஏறி மோதல்கள் தொடங்கும், வெற்றிடத்தில் செய்வதன் பயனே போய்விடும்.

பிப்ரவரி 20

முதல் நாள் கேட்டதற்குத் திரும்புகிறேன்: 46-இல் எவ்வளவு சூட்டின் வேலை, எவ்வளவு எலக்ட்ரானின் வேலை?

ஆர்டிஎக்ஸின் நிறை 222. 70 எலக்ட்ரான் வோல்ட்டில் அந்த 222 கிட்டத்தட்டத் தெரியாது. தெரிவது 30, 46, 75, 102, 120, 128 போன்ற துண்டுகள். இவற்றில் 102, 120, 128 பெரியவை. வெப்பச் சிதைவின் சிறிய வாயுக்கள் எதுவும் அவற்றைத் தர முடியாது. ஆகவே அவை முழு மூலக்கூறு ஆவியாகி வந்ததற்குச் சாட்சி. சிதையாத வெப்பநிலையில் ஆர்டிஎக்ஸை மெதுவாக ஆவியாக்கி உங்கள் கருவியிலேயே ஒரு நிறமாலை எடுங்கள். அதில் 46-க்கும் 128-க்கும் உள்ள விகிதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வேகச் சூட்டில் வந்த 128-ஐ அந்த விகிதத்தால் பெருக்கி 46-இலிருந்து கழியுங்கள். மிச்சம்தான் சிதைவுக்குச் சொந்தம்.

46-உம் 128-உம் காலத்தில் ஒரே வடிவத்தில் ஏறி இறங்கினால், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் ஆவியாதல்.

பிப்ரவரி 22

இரண்டு நாளாக யோசித்ததில் அந்தக் கழித்தலுக்கு ஒரு வரம்பு போட வேண்டும் என்று படுகிறது. 400 கெல்வினில் ஆவியான ஆர்டிஎக்ஸும் 650 கெல்வினில் ஆவியானதும் எலக்ட்ரான் முன்னே ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. சூடான மூலக்கூறு ஏற்கனவே அதிர்ந்துகொண்டிருக்கிறது, அதே அடியில் இன்னும் அதிகமாக நொறுங்கும். 128 குறையும், 46 கூடும். குளிர்ந்த விகிதத்தை வைத்துக் கழித்தால் மிச்சம் பெரிதாகத் தெரியும், சிதைவு அதிகம் என்று நம்பிவிடுவோம். எனவே கழித்து வரும் எண்ணை மேல்வரம்பு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரான் ஆற்றலை 70-இலிருந்து 20-க்கு இறக்கினால் என்ன என்று கேட்பீர்கள். கொஞ்சம் உதவும். ஆனால் நைட்ரமைன் அயனி அவ்வளவு பலவீனமானது. நைட்ரோ குழுவைப் (கழன்றால் நைட்ரஜன் டை ஆக்சைடாகும் பகுதி) பிடித்திருக்கும் பிணைப்பு இரண்டு எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் கீழே. மென்மையாக அடித்தாலும் அது கழலும். உணர்திறன் இழப்புதான் நிச்சயம்.

பிப்ரவரி 25

சிறிய வாயுக்களுக்கு ஒளியால் அயனியாக்குவது மிக நல்ல வழி. 118 நானோமீட்டர் ஒளியின் ஃபோட்டான் ஆற்றல் 10.49 எலக்ட்ரான் வோல்ட். நைட்ரிக் ஆக்சைடின் அயனியாக்க ஆற்றல் 9.26, நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு 9.59, ஃபார்மால்டிஹைடுக்கு 10.88. அப்படியானால் அந்த ஒளியில் ஃபார்மால்டிஹைடு தெரியவே தெரியாது. நைட்ரஜன் டை ஆக்சைடு உடைந்து 30 தருவதற்கு 12 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் வேண்டும், ஆகவே அதுவும் இல்லை. 30-இல் பெருங்கூட்டம் கலைந்து நைட்ரிக் ஆக்சைடுதான் பிரதானமாக நிற்கும். சின்க்ரோட்ரான் (துகள் முடுக்கி) ஒளியில் ஆற்றலை மெல்ல மெல்ல ஏற்றினால் 10.88-ஐத் தாண்டும் இடத்தில் ஃபார்மால்டிஹைடு நுழைவதைப் படியாகவே பார்க்கலாம். நைட்ரஸ் ஆக்சைடு 12.89, கார்பன் டை ஆக்சைடு 13.78. 44-இன் தகராறும் அப்படியே தீரும்.

ஆனால் முழு ஆர்டிஎக்ஸ் அயனி இங்கேயும் உடைந்து 46 தரலாம் என்ற சந்தேகத்தை விட வேண்டாம்.

மார்ச் 2

ஐசோடோப் குறியிடல் (சாதாரண நைட்ரஜன் 14-க்குப் பதில் கனமான நைட்ரஜன் 15 வைப்பது) பற்றிக் கேட்டவருக்கு: பலன் உண்டு, ஆனால் மோதலை ஒரு எண்ணிலிருந்து இன்னொரு எண்ணுக்குத்தான் தள்ளும். எல்லா நைட்ரஜனையும் 15 ஆக்கினால் நைட்ரிக் ஆக்சைடு 31-க்குப் போய் ஃபார்மால்டிஹைடை 30-இல் விட்டுவிடும் என்று சந்தோஷப்படுவோம். அதே நேரம் நைட்ரஜன் வாயு 28-இலிருந்து 30-க்கு வந்து அங்கே உட்கார்ந்துகொள்ளும். ஹைட்ரஜன் சயனைடு 28-க்கு வந்து கார்பன் மோனாக்சைடின்மேல் ஏறும். நைட்ரோ நைட்ரஜனை மட்டும் குறியிட்டால் கேள்வி கூர்மையாகும்: 45-இல் வரும் நைட்ரஸ் ஆக்சைடில் வளையத்தின் நைட்ரஜன் ஒன்றும் நைட்ரோவின் நைட்ரஜன் ஒன்றும் இருக்கின்றன. அவை ஆரம்பத்திலிருந்தே பிரியாதவையா, பிரிந்து சேர்ந்தவையா என்று கேட்கலாம். குறியிட்டதையும் குறியிடாததையும் கலந்து சூடாக்கினால் அதற்கும் விடை வரும்.

மார்ச் 3

பழைய வேலைகளை மறக்க வேண்டாம். 1988-இல் ஜாவோ, ஹிண்ட்சா, யுவான் லீ மூவரும் மூலக்கூற்றுக் கற்றையில் அகச்சிவப்பு லேசரால் ஆர்டிஎக்ஸை உடைத்தார்கள். மோதலே இல்லாத சூழல். நைட்ரோ கழல்வதும் நடந்தது, வளையம் ஒரே நேரத்தில் மூன்றாகப் பிளப்பதும் நடந்தது. பின்னதுதான் சுமார் இரு மடங்கு என்றார்கள். பிளந்தால் வரும் துண்டின் நிறை 74. நைட்ரஸ் அமிலம் கழல்வதற்குத் தடை இன்னும் குறைவு என்று பிறகு வந்த குவாண்டம் கணக்கீடுகள் காட்டின. அப்புறம் சாண்டியா ஆய்வகத்தில் ரிச்சர்ட் பேரன்ஸ் எடை இழப்பையும் மாஸ் ஸ்பெக்கையும் ஒன்றாக இணைத்த கருவியில், ஆவி சட்டென்று தப்பாதபடி சிறு துளையுள்ள கலத்துக்குள் வைத்துச் சூடாக்கினார். உருகிய ஆர்டிஎக்ஸுக்கு ஒன்றுக்கொன்று போட்டியிடும் நான்கு பாதைகள் அங்கே தெரிந்தன. அதில் ஒன்றில் ஒரு நைட்ரோ குழு ஓர் ஆக்ஸிஜனை இழந்து நைட்ரோசோவாக மாறிய 206 நிறையுள்ள பொருள் இருந்தது. கம்பியில் அதைத் தேடி அலைய வேண்டாம். அது உருவாக உருகிய நிலையில் நேரம் வேண்டும், கம்பி அந்த நேரத்தைத் தருவதில்லை.

மெதுவான கருவி ‘பழசு’ என்று ஒதுக்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சேமிப்புக் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் பொருள் எப்படிக் கெடும் என்ற கேள்விக்குக் கம்பி பதில் சொல்லாது.

மார்ச் 9

அம்மோனியம் பெர்குளோரேட்டுக்கும் (ராக்கெட் உந்துபொருளில் ஆக்ஸிஜன் தருவது) இதே கதைதானா என்ற கேள்வி. இன்னும் சிக்கல். வெற்றிடத்தில் சூடாக்கினால் அது அம்மோனியாவாகவும் பெர்குளோரிக் அமிலமாகவும் பிரிந்து பறக்கும். அந்த அமிலத்தை எலக்ட்ரான் அடித்தால் 83, 67, 51 எல்லாம் வரும். 67-ஐப் பார்த்து ‘குளோரின் டை ஆக்சைடு உருவாகிறது’ என்று எழுதுவதற்கு முன் அந்தத் துண்டுகளைக் கழிக்க வேண்டும். 17-இல் அம்மோனியாவோடு தண்ணீரின் துண்டும் சேர்ந்து நிற்கும்.

இங்கே கம்பியும் பார்வையாளர் இல்லை. அம்மோனியாவை ஆக்ஸிஜனோடு சேர்த்து நைட்ரிக் ஆக்சைடாக்கும் தொழிற்சாலைகளில் ஊக்கியே பிளாட்டினம்தான். சூடான பிளாட்டினத்தின்மேல் அம்மோனியா வெளிவந்தால் 30 எங்கிருந்து வந்தது என்று இரண்டு முறை கேட்க வேண்டும். வேறு உலோகக் கம்பியில் அதே அளவைச் செய்து பார்ப்பதுதான் நேர்மையான சோதனை.

மார்ச் 10

வந்து சேரும் வரிசை பற்றியும் ஒரு வார்த்தை. 600 கெல்வினில் நைட்ரஜன் டை ஆக்சைடின் சராசரி வேகம் விநாடிக்குச் சுமார் 525 மீட்டர், ஆர்டிஎக்ஸுக்குச் சுமார் 240. கம்பி 2 சென்டிமீட்டரில் இருந்தால் வித்தியாசம் 50 மைக்ரோ விநாடிக்குள், ஒரு நிறமாலைக்குள் அடங்கிவிடும். 10 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் இரண்டு நிறமாலை வித்தியாசம் வரும். ‘நைட்ரஜன் டை ஆக்சைடுதான் முதலில் வந்தது’ என்பது அப்போது வெறும் ஓட்டப்பந்தயம். மெதுவாகப் போகும் மூலக்கூறு அயனியாக்கும் இடத்தில் அதிக நேரம் தங்குவதால் அதன் உச்சமும் கூடுதலாகத் தெரியும்.

மார்ச் 17

உலோகமும் ஆக்சைடும் கலந்த எரிபொருள்கள் பக்கம் போன உரையாடலுக்கு: அலுமினியமும் காப்பர் ஆக்சைடும் நானோ அளவில் கலந்தால் 32-ஐ (ஆக்ஸிஜன்) பின்தொடர்வது நல்ல உத்தி, ஏனென்றால் அங்கே கரிமத் துண்டுகளின் குழப்பம் இல்லை. ஆக்சைடு தனியாக ஆக்ஸிஜனை விடும் வெப்பநிலையையும் கலவை பற்றும் வெப்பநிலையையும் ஒப்பிடலாம். காப்பர் ஆக்சைடில் இரண்டும் அருகருகே. பிஸ்மத் ஆக்சைடில் ஆக்ஸிஜன் வாயு வருவதற்கு முன்பே பற்றிக்கொள்கிறது. அப்படியானால் அங்கே வினை திண்மங்கள் தொடும் இடத்திலேயே தொடங்குகிறது. வாயு வராததே செய்தியாகும் அழகான எடுத்துக்காட்டு.

கேள்வி கேட்டவர், ஏப்ரல் 1

மெல்லிய பூச்சில் செய்தேன். 46-உம் 128-உம் முதலில் சேர்ந்தே ஏறுகின்றன. 128 இறங்கிய பிறகும் 46 கொஞ்ச நேரம் நிற்கிறது. தடித்த பூச்சில் அந்த வால் நீளம்.

ஏப்ரல் 1

இப்போது பேச ஒரு பிடி கிடைத்திருக்கிறது. சேர்ந்து ஏறும் பகுதியில் ஆவியாதல் முந்துகிறது. வாலில் முழு மூலக்கூறு இல்லை, ஆகவே அந்த 46-ஐச் சூட்டின் கணக்கில் எழுதலாம். தடிமன் கூடும்போது வால் நீள்வதற்கு இரண்டு விளக்கங்கள் இருக்கின்றன: உருகிய அடுக்குக்குள் மூலக்கூறு வெளியேற முடியாமல் அதிக நேரம் சூட்டில் கிடந்து சிதைகிறது, அல்லது வெளித்தோல் வெறுமனே பின்தங்கிச் சூடாகிறது. பிரிக்க வழி உண்டு. ஒரே தடிமனில் ஏற்ற வேகத்தை மட்டும் பாதியாக்குங்கள். வெறும் பின்தங்கல் என்றால், 128 முடிந்ததற்கும் 46 முடிந்ததற்கும் நடுவே உள்ள இடைவெளி நேரக் கணக்கில் ஏறக்குறைய அப்படியே இருக்கும். சிதைவு வேகம் என்றால் அது நீளும், ஏனென்றால் மாதிரி குளிர்ந்த பக்கத்தில் அதிக நேரம் செலவிடும். 27-ஐயும் (ஹைட்ரஜன் சயனைடு) கூடவே வரையுங்கள். வாலில் 46-உம் ஹைட்ரஜன் சயனைடும் சேர்ந்து நின்றால், பிரில் சொன்ன உயர் வெப்பப் பாதை உங்கள் கம்பியிலும் இருக்கிறது என்று எழுத எனக்குத் தயக்கம் இல்லை. முதல் படி எது என்பதற்கு அது இன்னும் பதில் ஆகாது. நைட்ரஸ் அமிலம் கழன்று, அது உடைந்திருந்தாலும் 30-உம் 46-உம் வரலாம், 47-இல் அதன் தடம் மிக மெலிதாகத்தான் இருக்கும். அதற்கு ஒளி அயனியாக்கம் உள்ள இடத்தில் நேரம் கேட்டு விண்ணப்பியுங்கள்.